இலையை மட்டும் அளந்து என்ன பயன்? தாவரங்களில் உலோக ஐசோடோப்புகள்

ஒரு செடியின் இலையைக் காயவைத்து, அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள துத்தநாகத்தின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின், நிறை மட்டும் வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தை அளக்கிறோம். −0.20 ‰ (‰ என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஓர் எண் வருகிறது. உடனே "இந்தச் செடி இலேசான துத்தநாகத்தைத் தேர்ந்தெடுத்து உறிஞ்சுகிறது" என்று எழுதிவிடக் கை பரபரக்கும். எழுதினால் அது சரியாகவும் இருக்கலாம், முழுக்கத் தவறாகவும் இருக்கலாம். எது என்று சொல்லத் தேவையான தகவல் அந்த எண்ணுக்குள் இல்லை. வேரில் எவ்வளவு தங்கியது, தண்டுக்கு எவ்வளவு ஏறியது, கரைசலில் அல்லது மண்ணில் மூல விகிதம் என்ன என்ற மூன்றும் தெரியாமல் இலையின் எண்ணுக்குப் பொருள் கிடையாது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் அடிப்படை. துத்தநாகத்துக்கு ஐந்து நிலையான ஐசோடோப்புகள்: நிறை எண் 64 (சுமார் 49 சதவீதம்), 66 (28), 67 (4), 68 (18.5), 70 (0.6). கதிரியக்கம் எதுவும் இல்லை. 66-க்கும் 64-க்கும் உள்ள விகிதத்தை ஒரு தரநிலைப் பொருளின் விகிதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று சொல்வதுதான் டெல்டா மதிப்பு. எண் கூடினால் கனமான ஐசோடோப்பு அதிகம், குறைந்தால் இலேசானது அதிகம். இரும்புக்கு 56/54, தாமிரத்துக்கு 65/63, நிக்கலுக்கு 60/58, காட்மியத்துக்கு 114/110 என்று எடுப்பது வழக்கம்.

தரநிலை விஷயத்தில் ஒரு பொறி உண்டு. துத்தநாகத்துக்குப் பழைய கட்டுரைகள் ஜே.எம்.சி.-லியோன் கரைசலைப் பூஜ்யமாக வைத்தன. அது தீர்ந்துபோனதால் இன்று பலரும் ஐ.ஆர்.எம்.எம்.-3702 அல்லது ஏ.ஏ.-ஈ.டி.எச். கரைசலை வைத்து அளக்கிறார்கள். இவை இரண்டும் ஜே.எம்.சி.-லியோனைவிடச் சுமார் 0.3 ‰ கனமானவை. தாவரத்துக்குள் நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான். வெவ்வேறு பூஜ்யத்தில் இருக்கும் இரண்டு கட்டுரைகளின் எண்களை மாற்றாமல் ஒரே வரைபடத்தில் போட்டால் இல்லாத கதை ஒன்று தெரியும். ஒரே கட்டுரைக்குள் வேருக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

விகிதம் ஏன் மாறுகிறது? இரண்டு காரணங்கள். ஒன்று வேகம்: ஒரு வினையோ ஊடுருவலோ பாதியில் நிற்கும்போது இலேசான அணு கொஞ்சம் முந்திக்கொள்ளும். இன்னொன்று பிணைப்பின் உறுதி: சமநிலையில் கனமான ஐசோடோப்பு உறுதியான, குட்டையான பிணைப்பை நாடும். ஆக்சிஜனேற்ற நிலை உயர்ந்த அயனி, ஆக்சிஜன் அல்லது நைட்ரஜனோடு பிணைந்த அயனி, ஆறுக்குப் பதில் நான்கு அண்டை அணுக்கள் மட்டும் கொண்ட அயனி எல்லாம் பொதுவாகக் கனம். கந்தகத்தோடு பிணைந்தது பொதுவாக இலேசு. தாவரத்துக்குள் நடக்கும் பெரும்பாலான மாற்றங்களை இந்த இரண்டு விதிகளையும் வைத்தே ஊகிக்கலாம்.

இரும்பில் இது தெளிவாகத் தெரியும். புல்வகை அல்லாத தாவரங்கள் வேரைச் சுற்றிப் புரோட்டான்களை வெளியிட்டு அமிலமாக்கும், எஃப்.ஆர்.ஓ.2 என்ற நொதி மூன்று மின்னூட்ட இரும்பை இரண்டு மின்னூட்ட இரும்பாக ஒடுக்கும், பிறகு ஐ.ஆர்.டி.1 என்ற கடத்தி (சவ்வு வழியே அயனியை ஏற்றும் புரதம்) அதை உள்ளே எடுக்கும். புல்வகைகள் வேறு வழி. மியூஜினிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த சைடரோஃபோர்களை (இரும்பைக் கவ்வும் மூலக்கூறுகளை) வெளியே விட்டு, மூன்று மின்னூட்ட இரும்பை அப்படியே கவ்விப் பிடித்து, ஒடுக்காமலே உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரில் இரண்டு மின்னூட்ட இரும்பு மூன்று மின்னூட்ட இரும்பைவிடச் சமநிலையில் சுமார் 3 ‰ இலேசு. ஆகவே ஒடுக்கம் ஒரு பகுதியோடு நின்றால் முதல் வகைத் தாவரங்கள் இலேசாக இருக்க வேண்டும், புற்கள் அப்படி இருக்கக் கூடாது. 2007-ல் கெல்கேயும் ஃபான் பிளாங்கன்புர்க்கும் வெளியிட்ட அளவீடுகள் இதைத்தான் காட்டின: முதல் வகை, மண்ணில் தாவரத்துக்குக் கிடைக்கும் இரும்பைவிட 1.6 ‰ வரை இலேசு. புல்வகை சுமார் 0.2 ‰ கனம். நெல் இரண்டு வழியையும் வைத்திருக்கிறது. சைடரோஃபோரும் விடும், தேங்கிய நீரில் ஏராளமாகக் கிடைக்கும் இரண்டு மின்னூட்ட இரும்பை நேராகவும் எடுக்கும். அதனால் "புல்தானே" என்று நெல்லைக் கோதுமையோடு ஒரே கூடையில் போடக் கூடாது.

"ஒரு பகுதியோடு நின்றால்" என்ற நிபந்தனையை மறக்க வேண்டாம். கிடைத்த இரும்பு முழுவதையும் ஒடுக்கி முழுவதையும் உறிஞ்சிவிட்டால், உள்ளே போனதும் வெளியே இருந்ததும் ஒன்றே, பிரிகை (மூலத்துக்கும் செடிக்கும் இடையே வரும் விகித வித்தியாசம்) பூஜ்யம். இரும்புப் பற்றாக்குறையில் வளர்த்த செடி, தாராளமாகக் கொடுத்து வளர்த்த செடியைவிடச் சிறிய பிரிகையைக் காட்டினால், வேறு வழிமுறை என்று முடிவுகட்டும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

தாமிரமும் ஏறக்குறைய அதே தர்க்கம்தான். தக்காளி வேர் இரண்டு மின்னூட்டத் தாமிரத்தை ஒற்றை மின்னூட்டமாக ஒடுக்கி எடுப்பதால், கரைசலைவிட 1 ‰ அளவுக்கு இலேசான தாமிரம் உள்ளே போகிறது. ஓட்ஸில் இந்த விலகல் மிகக் குறைவு.

துத்தநாகத்தில் ஒடுக்கம் என்ற பேச்சே இல்லை, எப்போதும் இரண்டு மின்னூட்டம்தான். அதனால் பிரிகை சிறியது, விளக்கம் கடினம். 2005-ல் டொமினிக் வைஸ் குழு தக்காளி, லெட்டூஸ், நெல் மூன்றையும் கரைசலில் வளர்த்து அளந்தபோது வேர் கரைசலைவிடக் கனமாகவும், தண்டும் இலையும் வேரைவிட இலேசாகவும் இருந்தன. வேரில் செல்சுவரோடும் பாஸ்பேட்டோடும் பிணையும் துத்தநாகம் கனமானது. மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் ஆகியவற்றோடு பிணைவது இலேசு. பாஸ்பேட்டுக்கும் இவற்றுக்கும் இடையில் 1 ‰ அளவு வித்தியாசம் வரலாம் என்று குவாண்டம் வேதியியல் கணக்குகள் சொல்கின்றன. வேர் கனமானதைப் பிடித்து வைத்துக்கொண்டால் சைலத்தில் ஏறுவது இலேசாகத்தான் இருக்கும். கேமரூனின் ந்சிமி காட்டில் உயர்ந்த மரங்களின் இலைகளில் துத்தநாகம் இலேசாக இருப்பதற்கும், மூங்கிலில் உயரம் ஏற ஏற இலை இலேசாவதற்கும் இதே போன்ற விளக்கம்தான் தரப்படுகிறது. வழியெங்கும் சுவர்கள் கனமானதை ஒட்டவைத்துக்கொள்கின்றன.

இதற்கு மாறான ஒரு நிலையும் உண்டு. துத்தநாகப் பற்றாக்குறை மண்ணில் நெல்லின் தண்டு கனமான பக்கம் சாய்ந்தது. சைடரோஃபோர் போன்ற வேர்க்கசிவு துத்தநாகத்தைக் கவ்வும்போது கனமானதை விரும்பும். கவ்விய நிலையிலேயே அது உள்ளே போனால் செடியும் கனமாகும் என்பது விளக்கம். எனக்கு இது நம்பத்தக்கதாகவே படுகிறது. ஆனால் தண்டை மட்டும் பார்த்துச் சொன்னால் வேறு விளக்கங்களும் அதே எண்ணைத் தரும். கீழே வரும் கணக்கு அதைக் காட்டும்.

காட்மியம் துத்தநாகத்தின் பங்காளி, ஆனால் கோதுமைக்குள் எதிர்த்திசையில் போகிறது. வேரைவிட வைக்கோலில் கனம், வைக்கோலைவிடத் தானியத்தில் இன்னும் கனம். காரணம் கந்தகம். காட்மியம் உள்ளே வந்ததும் ஃபைட்டோகெலட்டின் போன்ற கந்தகம் கொண்ட பெப்டைடுகள் அதைப் பிடித்து வேர்ச் செல்களின் வாக்குவோலில் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையில்) அடைக்கின்றன. கந்தகம் விரும்புவது இலேசானதை. மிச்சமுள்ள கனமானது மேலே ஏறுகிறது. அதே கோதுமையில் துத்தநாகம் தானியத்தில் வைக்கோலைவிட இலேசு. ஒரே செடியில் இரண்டையும் சேர்த்து அளப்பது, ஒன்றை மட்டும் இரண்டு மடங்கு செடிகளில் அளப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும். இரண்டு உலோகமும் ஒரே கடத்தி வழியாக வந்திருந்தாலும் உள்ளே எங்கே பிரிகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

கால்சியத்தில் செடி இலேசானதை எடுக்கும், மக்னீசியத்தில் கனமானதை. இரண்டும் நன்றாக ஆராயப்பட்டவை. அவற்றை இங்கே தொடவில்லை.

கணக்கு

ஒரு கற்பனைச் செடி. கரைசலின் டெல்டா 0.00. வேர் உலர் எடை 1 கிராம், அதில் 200 மைக்ரோகிராம் துத்தநாகம், டெல்டா +0.30. தண்டு 2 கிராம், 100 மைக்ரோகிராம், −0.10. இலை 3 கிராம், 180 மைக்ரோகிராம், −0.20. முழுச் செடியின் டெல்டா என்பது ஒவ்வொரு பாகத்தின் உலோக அளவையும் அதன் டெல்டாவையும் பெருக்கிக் கூட்டி, மொத்த உலோக அளவால் வகுத்தது. 60 − 10 − 36 = 14. அதை 480-ஆல் வகுத்தால் +0.03. அளவீட்டுப் பிழையே ±0.05 என்பதால் இது பூஜ்யம். அதாவது உறிஞ்சும்போது பிரிகையே நடக்கவில்லை. இலை −0.20 காட்டியது முழுக்க வேருக்கும் தண்டுக்கும் இடையே நடந்த பங்கீடு.

இப்போது தண்டையும் இலையையும் சேர்த்து மேற்பகுதி என்று எடுத்தால் அதன் டெல்டா −0.16. வேருக்கும் அதற்கும் வித்தியாசம் −0.46. மொத்தத் துத்தநாகத்தில் 58 சதவீதம் மேலே போயிருக்கிறது. வழிமுறையை மாற்றாமல், அதே −0.46 வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, மேலே போகும் பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். 20 சதவீதம் மட்டும் மேலே போனால் மேற்பகுதி −0.34, வேர் +0.12. 95 சதவீதம் மேலே போனால் மேற்பகுதி +0.01, வேர் +0.47. உடலியங்கியல் ஒன்றே, பிணைப்பு ஒன்றே. மேற்பகுதியின் எண் −0.34-லிருந்து +0.01 வரை அலைகிறது.

நோக்கேயா கேருலெசென்ஸ் போன்ற, உலோகத்தை அளவுக்கு மீறிச் சேர்க்கும் தாவரங்களைச் சாதாரணத் தாவரங்களோடு ஒப்பிடும்போது இது மிகவும் முக்கியம். இவற்றில் எச்.எம்.ஏ.4 கடத்தி மிகையாக வேலை செய்வதால் துத்தநாகத்தின் பெரும்பங்கு மேலே போய்விடும். இலையில் பிரிகை குறைவாகத் தெரிவது வழிமுறை வேறு என்பதற்குச் சான்றல்ல; பெரும்பங்கு போய்விட்டால் அப்படித்தான் தெரியும். நிக்கல் சேர்க்கும் தாவரங்களிலும் இதே கதை. இவற்றை வரையறுக்கும் எல்லை உலர் இலையில் கிலோவுக்கு 1000 மி.கி. நிக்கல், நியூ கலிடோனியாவின் பிக்னாண்ட்ரா அக்யூமினாட்டா மரத்தின் நீலப்பச்சைப் பாலில் உலர் எடையில் 25 சதவீதம் வரை நிக்கல். இத்தகைய மரத்தில் வேரைத் தோண்டி முழுதாக எடுப்பது நடக்கிற காரியமல்ல, அதனால் மேலே செய்தது போன்ற முழுச் செடிக் கூட்டலை (நிறைச் சமன்பாட்டை) முடிக்கவே முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இலையின் எண்ணை வைத்துப் பெரிய முடிவு சொல்லாமல் இருப்பதே நேர்மை.

வளர்ப்பதில் கெடும் இடங்கள்

கரைசலில் வளர்ப்பது எளிது என்று தோன்றும். 2 லிட்டர் தொட்டியில் 2 மைக்ரோமோலார் துத்தநாகம் என்றால் மொத்தம் சுமார் 260 மைக்ரோகிராம்தான். மேலே சொன்ன செடிக்கு 480 தேவை. மாற்றாமல் விட்டால் கரைசல் வற்றும், வற்றும்போது விகிதமும் நகரும். செடி −0.30 ‰ வித்தியாசத்தில் உறிஞ்சுகிறது என்று கொள்வோம். 60 சதவீதம் தீர்ந்த நிலையில் மிச்சக் கரைசல் +0.27-க்கு ஏறியிருக்கும், செடியில் சேர்ந்தது −0.18 மட்டுமே காட்டும். 10 சதவீதத்துக்குள் நிறுத்தினால் −0.28 அல்லது −0.29 காட்டும். எனவே பெரிய தொட்டி, அடிக்கடி மாற்றம், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய கரைசலில் 20 மி.லி. எடுத்து அமிலமிட்டு வைத்தல் ஆகியவை கட்டாயம். எவ்வளவு தீர்ந்தது என்பது தெரிந்தால் பிறகு ராலே சமன்பாட்டில் (தீர்ந்த பங்கிலிருந்து விகித நகர்வைக் கணக்கிடும் சூத்திரம்) திருத்திக்கொள்ளலாம். தெரியாவிட்டால் திருத்தவே முடியாது.

கரைசலில் ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைக் கவ்வும் வேதிப்பொருள்) இருந்தால் இன்னொரு சங்கதி. அது பிடித்திருக்கும் துத்தநாகம் தனி அயனியைவிடச் சுமார் 0.3 ‰ கனம். தொட்டியில் பெரும்பங்கு ஈ.டி.டி.ஏ.வோடு இருந்தால் வேருக்கு எட்டும் தனி அயனி தொட்டியின் சராசரியைவிட அவ்வளவு இலேசு. "செடி இலேசானதை எடுத்தது" என்று தெரிவது உண்மையில் ஈ.டி.டி.ஏ.வின் வேலை. கரைசலின் வேதி நிலையைக் கணினி நிரலில் கணக்கிட்டு, தனி அயனியின் டெல்டாவை மூலமாக வைக்க வேண்டும்.

விதையையும் விடக் கூடாது. 400 மி.கி. எடையுள்ள பீன்ஸ் விதையில் கிலோவுக்கு 40 மி.கி. துத்தநாகம் இருந்தால் 16 மைக்ரோகிராம். முதிர்ந்த செடியில் இது ஒன்றுமில்லை. ஒரு வார நாற்றில் இதுவே பெரும்பகுதி. அதே தொகுதி விதைகளில் பத்துப் பதினைந்தைக் கரைத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேரைக் கழுவுவதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வேரின் வெளிச்சுவரில் ஒட்டியிருப்பது உறிஞ்சப்பட்டதல்ல. பனிக்கட்டியில் குளிரவைத்த 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் 10–15 நிமிடம், பிறகு தூய நீரில் மூன்று முறை என்பது நடைமுறையில் போதுமானது. குளிர் எதற்கு என்றால் கழுவும் நேரத்தில் கடத்திகள் வேலை செய்யாமல் இருக்க. ஈ.டி.டி.ஏ. வைத்துக் கழுவினால் இன்னும் சுத்தமாக வரும், ஆனால் நீண்ட நேரம் விட்டால் செல்சவ்வைக் குலைத்து உள்ளே இருப்பதையும் வெளியே இழுக்கும். கழுவிய நீரையும் தூக்கி எறியாமல் அளக்க வேண்டும். மேலே சொன்ன செடியின் வேரில் இருந்த 200 மைக்ரோகிராமில் 60 வெளியே ஒட்டியது, அதன் டெல்டா +0.50 என்று வைத்தால், உள்ளே இருப்பது 140, +0.21. முழுச் செடி −0.04 ஆகிறது, குறியே மாறிவிட்டது. இரண்டும் பிழைக்குள் அடங்கியதால் இந்தச் செடியில் பாதகமில்லை. உங்கள் செடியில் அப்படி அடங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

தேங்கிய நீரில் வளரும் நெல்லின் வேரில் செந்நிற இரும்புப் படலம் இருக்கும். இரும்பு ஆக்சைடுகள் துத்தநாகத்தின் கனமான ஐசோடோப்பை ஒட்டவைக்கும்: கோதைட்டில் சுமார் 0.3 ‰, ஃபெர்ரிஹைட்ரைட்டில் 0.5 ‰. படலத்தை டைதயோனைட்-சிட்ரேட்-பைகார்பனேட் கரைசலில் அகற்றுவது வழக்கம். ஆனால் சோடியம் டைதயோனைட்டிலேயே துத்தநாக அசுத்தம் வருவதுண்டு. பொட்டலத்தைத் தனியாக அளக்காமல் படலத்தின் துத்தநாக எண்ணை நம்பாதீர்கள்.

மண்ணில் வளர்த்தால் மூலம் எது என்பதே கேள்வி. மண்ணை முழுக்கக் கரைத்து அளந்தால் கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கும், செடி தொடவே முடியாத உலோகமும் கணக்கில் வந்துவிடும். 0.01 மோலார் கால்சியம் குளோரைடு போன்ற மென்மையான கரைசலில் வருவதே செடிக்குக் கிடைப்பதற்குப் பக்கத்தில் நிற்பது. கோதுமை ஆய்வுகளில் இப்படி எடுத்த காட்மியம் முழு மண்ணைவிடக் கனமாகவே இருந்தது. முழு மண்ணை மூலமாக வைத்திருந்தால், உறிஞ்சலில் பெரிய பிரிகை என்று தவறாக எழுத வேண்டியிருக்கும். திறந்தவெளியில் இலைமேல் படியும் தூசி வேறு. உருக்காலை அருகே புகையோடு வரும் துத்தநாகமும் காட்மியமும் இலேசானவை, கசடு கனமானது. கழுவாத இலையில் அந்தத் தூசியையும், கழுவிய இலையில் செடியையும் தனித்தனியே அளந்தால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.

ஆய்வகத்தில்

60–65 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்துங்கள். அரைக்க அகேட் அல்லது சிர்கோனியா. எவர்சில்வர் கத்தி கொண்ட அரவை இயந்திரம் இரும்பு, நிக்கல் வேலைக்கு ஆகாது. துத்தநாக வேலையில் எதிரி கையுறைதான்: ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள், பொடி பூசிய லேடெக்ஸ் கையுறை ஒரு தொகுதி மாதிரியையே கெடுக்கும். பாலிஎதிலீன் அல்லது வினைல் கையுறை போதும். வண்ணப் பிளாஸ்டிக் மூடிகளையும் தவிர்க்கலாம்.

100–200 மி.கி. பொடிக்கு 8 மி.லி. அடர் நைட்ரிக் அமிலமும் 2 மி.லி. 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும். மூடும் முன் ஓர் இரவு திறந்தபடி விடுங்கள். இலைப் பொடியிலிருந்து வரும் வாயு மூடிய கலத்தில் அழுத்தத்தை ஏற்றிவிடும். பிறகு மைக்ரோவேவில் 190–200 டிகிரியில் 20 நிமிடம். புல்வகைகளில் அடியில் வெண்மையாகச் சிலிக்கா தங்கும், அதற்குள் உலோகம் ஒளிந்திருக்கும். அதற்கு 0.2–0.5 மி.லி. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், டெஃப்லான் கலத்தில் மட்டும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும். ஆவியாக்கிய பின் எச்சம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் கரிமப்பொருள் இன்னும் எரியவில்லை. நைட்ரிக்-பெராக்சைடு சுற்றை மறுபடி ஓட்டுங்கள். அரைகுறையாக விட்டால் அந்தக் கரிமப்பொருள் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்து உலோகங்களைப் பிரிக்கப் பயன்படும் ரெசினில் (அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகளில்) ஒட்டாமல் முதலிலேயே வழிந்துவிடும்.

பிரித்தெடுக்க, 1999-ல் லியோனில் மரேஷால், தெலூக், அல்பரேத் மூவரும் வகுத்த முறையே இன்றும் அடித்தளம். ஏ.ஜி. எம்.பி.-1 எதிரயனி ரெசின் 1.6 மி.லி. அளவு. மாதிரியை 7 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 0.001 சதவீத பெராக்சைடோடு ஏற்ற வேண்டும். முதலில் பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் வழியும், அதே 7 மோலாரில் தொடர்ந்தால் தாமிரம் வரும், 2 மோலாரில் இரும்பு, கடைசியாக 0.5 மோலார் நைட்ரிக் அமிலத்தில் துத்தநாகம். இலையில் பொட்டாசியம் துத்தநாகத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இருப்பதால் ஒரே ஓட்டத்தில் சுத்தமாகாது, இரண்டு முறை ஓட்டுங்கள். ரெசினே ஐசோடோப்பைப் பிரிக்கும். குழாயில் முதலில் வரும் சொட்டுக்கும் கடைசிச் சொட்டுக்கும் டெல்டா வேறு. சேகரித்த பகுதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மி.லி. தனியாகப் பிடித்து உலோகம் தப்பியதா என்று பாருங்கள்.

துத்தநாகம், இரும்பு, காட்மியம் மூன்றிலும் இந்த இழப்பை இரட்டை ஸ்பைக் (விகிதம் முன்பே தெரிந்த இரண்டு ஐசோடோப்புகளின் கலவை) ஈடுகட்டும், ரெசினுக்கு முன்பே சேர்த்திருந்தால். இரட்டை ஸ்பைக்குக் குறைந்தது நான்கு ஐசோடோப்புகள் வேண்டும். தாமிரத்துக்கு இரண்டே இரண்டு, அதனால் அங்கே இந்த வசதி கிடையாது. தாமிரத்தின் மீட்பு (ரெசினிலிருந்து திரும்பக் கிடைத்த பங்கு) 99 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த மாதிரியை மறுபடி செய்ய வேண்டியதுதான். அளக்கும்போது தரநிலையை முன்னும் பின்னும் ஓட்டி, நிக்கல் அல்லது துத்தநாகம் சேர்த்துக் கருவியின் விலகலைத் திருத்துவார்கள்.

விகிதத்தை அளக்கும் கருவியான மல்டி-கலெக்டர் ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் குறுக்கீடுகள் (அதே நிறையில் வந்து விழும் வேறு அயனிகள்) மாதிரியிலிருந்தும் ஆர்கான் வாயுவிலிருந்தும் வருகின்றன. துத்தநாகம்-64 மேல் நிக்கல்-64, மக்னீசியம்-ஆர்கான், டைட்டானியம் ஆக்சைடு. 66, 67, 68 மேல் இரட்டை மின்னூட்ட பேரியம். தாமிரம்-63 மேல் சோடியம்-ஆர்கானும் பாஸ்பரஸ் டைஆக்சைடும். தாவர மாதிரியில் பாஸ்பரஸ் ஏராளம் என்பதால் கடைசியாகச் சொன்னதே அதிகம் தொல்லை தரும். இரும்பு-56 மேல் ஆர்கான் ஆக்சைடு, இதற்கு உயர் பிரிதிறனில் ஓட்ட வேண்டும். காட்மியத்தில் 112, 114, 116 மூன்றின் மேலும் வெள்ளீயம். ஸ்பைக் சேர்க்காத ஓர் ஓட்டத்தில் 68/64 டெல்டாவும் 66/64 டெல்டாவும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். விலகினால் குறுக்கீடு இருக்கிறது, எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

பிளாங்க் (மாதிரி இல்லாமலே அமிலம், கலம் போன்றவற்றிலிருந்து வரும் உலோகம்) 5 நானோகிராம் என்றால் 500 நானோகிராம் மாதிரியில் 1 சதவீதம். பிளாங்கின் டெல்டா 1 ‰ விலகியிருந்தாலும் முடிவு 0.01 ‰ தான் நகரும், கவலையில்லை. அதே பிளாங்க் 50 நானோகிராம் சைலச் சாற்றில் 0.1 ‰ நகர்த்தும். சாற்றை அளக்க நினைப்பவர்கள் முதலில் பிளாங்கை ஒரு நானோகிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டுத் தொடங்கட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் நிஸ்ட் 1515 ஆப்பிள் இலை போன்ற ஒரு தாவரச் சான்றுப் பொருளை ஆரம்பத்திலிருந்து சேர்த்துக் கரையுங்கள். அதில் துத்தநாகம் கிலோவுக்குச் சுமார் 12.5 மி.கி. மட்டுமே, எனவே பொடி சற்று அதிகம் எடுக்க வேண்டியிருக்கும்.

முடிவுகளை அட்டவணையாக்கும்போது டெல்டாவுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு பாகத்தின் உலர் எடை, உலோகச் செறிவு, கழுவிய நீரில் வந்த அளவு, கரைசல் தீர்ந்த சதவீதம், பயன்படுத்திய தரநிலை ஆகியவற்றையும் கொடுங்கள். மெல்லிய வேர்கள் அறுந்து போயிருந்தால் எவ்வளவு போயிருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் சேர்த்து, அந்த இழப்போடு முழுச் செடியின் டெல்டாவை ஒருமுறை மறுபடி கணக்கிட்டுக் காட்டுங்கள். அந்த இரண்டாவது கணக்கில் முடிவு மாறிவிட்டால், வேரை மறுபடி எடுக்க வேண்டும்.